அந்த அம்மாவுக்குத் தெரியுமா?

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்த சலவைப் பிரிவில், தொடர் ஒளிபரப்பான மறுநாள் காலை மட்டும் கையைவிட வாய்க்குத்தான் வேலை அதிகம். ஒரு கொலை, அதைத் துப்பறியும் வயதான இன்ஸ்பெக்டர் என்று மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்த கதை அது. முடிய இன்னும் ஓரிரு பாகங்கள்தான் பாக்கி. அங்கே வேலை செய்த மூன்று பேருமே அதைத் தவறவிடாமல் பார்ப்பவர்கள்.

"நேத்து பாத்தீங்களா கொடுமைய?" துணி துவைக்கும் மெஷினின் கதவை அடைத்துக்கொண்டே ஆரம்பித்தார் மெஷின்காரர். அதைப் பழுதுபார்ப்பதும் அவரே, ஓட்டுவதும் அவரே. "ஒரு மணி நேரம். ஒரு ஓட்டம் இல்ல, ஒரு அடிதடி இல்ல. கொலைகாரப் பய வீட்டுல அவன் ஆத்தா உருளைக்கிழங்கு சீவுறா, இன்ஸ்பெக்டர் உக்காந்து பாக்கறார். அவர நாம பாக்கறோம். படம் அப்படியே நின்னுபோச்சுன்னு நான் எழுந்து டிவியத் தட்டினேன்."

"உங்களுக்கு வெட்டு குத்து இருந்தாத்தான் கதை." இது வக்கீல். அவள் வக்கீலுக்குப் படித்தவள் இல்லை. எதை எடுத்தாலும் இரண்டு பக்கமும் வாதாடி முடிக்காமல் விடமாட்டாள் என்பதால் வந்த பெயர். "அது இழுவை இல்லண்ணே. இன்ஸ்பெக்டருக்கு யாருன்னு தெரிஞ்சுபோச்சு, ஆதாரம்தான் இல்ல. ஆத்தாக்காரி வாயிலேருந்து வரட்டும்னு காத்துட்டிருக்கார்."

"ஒரு கேள்விகூட கேக்காமயா? அதுக்குச் சம்பளம் வேற."

"கேட்டா அவ பொய் சொல்லுவா. கேக்காம இருந்தா கை நடுங்கும். அவ சீவுன லட்சணத்தப் பாத்தீங்கள்ல, பாதிக் கிழங்கு தோலோட போச்சு. அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சுகிட்டே அமுக்கமா இருக்கா."

வக்கீலுக்கு எதிரே, பெரிய கட்டில் விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள் பெரியக்கா. மூவரில் மூத்தவள், அதிகம் பேசாதவள். விரிப்பு ஒவ்வொன்றையும் இரண்டு பேராக உதறி, நீட்டி, எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்த்து மடிக்க வேண்டும்.

"தெரியாது," என்றாள் பெரியக்கா.

"என்னக்கா தெரியாது? பெத்தவளுக்குத் தெரியாம இருக்குமா? முகத்தப் பாத்தாலே சொல்லிட மாட்டாளா?"

"எப்படிச் சொல்லுவா? பையன் சாப்பிடலன்னா உடம்புக்கு ஏதோன்னு நினைப்பா. தூங்கலன்னா எவளோ ஒருத்திய நினைச்சிட்டிருக்கான்னு நினைப்பா. சட்டையில கறை இருந்தா துருன்னு நினைப்பா. கொலைன்னு எந்த அம்மா முதல்ல நினைப்பா?"

பெரியக்கா இத்தனை வார்த்தைகளைச் சேர்த்தாற்போல் பேசி அவர்கள் கேட்டதில்லை. அவள் குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. விரிப்பு ஒரு பக்கமாகத் தொய்ந்து தரையைத் தொட்டது.

"சட்டையா?" என்றாள் வக்கீல். "சட்டையே அதுல வரலையேக்கா. அந்தப் பையன் வந்தான், சாப்பிட்டான், படுத்தான். அவ்வளவுதானே காட்டினாங்க?"

பெரியக்கா குனிந்து விரிப்பைத் தூக்கினாள். "வேற ஏதாவது நாடகத்துல பாத்திருப்பேன்," என்றாள். "இது அழுக்காயிடுச்சு. திரும்பப் போடணும்."

மெஷின்காரர் கவனிக்கவில்லை. இன்ஸ்பெக்டரை இந்த ஆஸ்பத்திரி சமையலறைக்கு அனுப்பினால் கிழங்காவது சீவித் தருவார் என்று சிரித்துக்கொண்டிருந்தார். வக்கீல் சிரிக்கவில்லை.

பெரியக்கா இந்த ஊருக்கு வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கணவர் இல்லை. ஒரே மகன் கப்பலில் வேலை செய்கிறான் என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தாள். மாதம் ஒரு நாள் லீவு எடுப்பாள். ஏன் என்று கேட்டால் பல் டாக்டர் என்பாள். "உங்க வாய்க்குள்ள மாளிகையே கட்டி முடிச்சிருப்பான் அந்த டாக்டர்," என்று வக்கீல் கிண்டல் செய்திருக்கிறாள்.

மகன் இருந்தது சிறையில். இரண்டு நண்பர்களோடு ஒரு சரக்குக் கிடங்கில் திருடப் போன இடத்தில் கிடங்குக் காவல்காரரை இரும்புக் கம்பியால் அடித்தான். அவர் பிழைக்கவில்லை. போலீஸ் வீட்டுக்கு வர ஒரு வாரம் பிடித்தது. அந்த ஒரு வாரமும் அவன் அவளோடுதான் இருந்தான். சமைத்துப் போட்டாள், சாப்பிட்டான். கோர்ட்டில் அவளை யாரும் பெரிதாக ஒன்றும் விசாரிக்கவில்லை. கைகலப்பு, இருட்டு, பயத்தில் கை ஓங்கிவிட்டான் என்று அவனுக்காக ஆஜரான வழக்கறிஞர் வாதாடினார். அதையே அவளும் நம்பினாள். தண்டனை குறையவில்லை.

அந்த மாதப் பார்வை நாளன்று கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ரிசீவரை எடுத்தாள். மகன் இளைத்திருந்தான். வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். உடம்பு எப்படி, சாப்பாடு எப்படி, குளிருக்குப் போர்வை கொடுத்தார்களா. அவனும் வழக்கம்போல ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னான். அதற்கு மேல் இருவருக்கும் பேச எதுவும் இருப்பதில்லை. மிச்ச நேரம் முழுக்க அவள் பக்கத்து வீட்டுக் கதையையோ சாமான் விலையையோ சொல்லி ஓட்டுவாள்.

அன்று அவனே பேசினான். "டிவியில ஒரு தொடர் வருதே, பாக்கறியா? கிழட்டு இன்ஸ்பெக்டர் வர்றது."

"பாக்கறேன். இங்க காட்டறாங்களா?"

"ஹால்ல போடுவாங்க. போன வாரம் ஒரே ரகளை. ஒண்ணுமே நடக்கல, ஜவ்வா இழுக்கறான், மாத்துடான்னு எல்லாரும் கத்தினாங்க. ஒருத்தன் செருப்பத் தூக்கி எறிஞ்சான்."

"எங்க வேலை இடத்துலயும் அதே பேச்சுதான்," என்றாள். அவன் தானாகப் பேசுவதில் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம். "நீ என்ன பண்ணின?"

"நான் பாத்தேன். முழுசா பாத்தேன்." அவன் ரிசீவரை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டான். "அந்தம்மாவுக்குத் தெரியுமா, தெரியாதா? நீ என்ன நினைக்கற?"

"அது கதைதானே," என்றாள்.

"கதைதான். சும்மா சொல்லேன்."

"தெரியாதுன்னுதான் நினைக்கறேன்."

"எனக்கு அப்படித் தோணல. அந்தம்மா அவனுக்குத் தட்டு வெச்சாங்கள்ல, அப்ப அவன் அவங்க முகத்தையே பாத்தான். கேளு, கேளுன்னு பாத்தான். அவங்க இன்னும் கொஞ்சம் போடவான்னு கேட்டாங்க. ஹால்ல எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல."

அவள் ரிசீவரின் வயரை விரலில் சுற்றினாள்.

"அன்னைக்கு நீ தொட்டி பக்கத்துல உக்காந்து என் சட்டையத் தேச்சிட்டிருந்த," என்றான். குரலில் கோபம் இல்லை. "தண்ணி என்ன நிறமா இருந்துச்சுன்னு நான் பாத்தேன். நீயும் பாத்த. நான் உன் பின்னாலயே நின்னேம்மா. நீ திரும்பி, சாப்பிடறியான்னு கேட்ட."

"துருன்னு நினைச்சேன்."

"சரி."

"சத்தியமா துருன்னுதான்..."

"உன்னக் குத்தம் சொல்லலம்மா. செஞ்சது நான். நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அந்த வாரம் பூரா, இன்னைக்குக் கேப்ப, நாளைக்குக் கேப்பன்னு இருந்தேன். அதுக்கப்புறமும் நீ கேக்கவே இல்ல. இங்க வந்தும் போர்வை குடுத்தாங்களான்னுதான் கேக்கற."

காவலர் நேரம் முடிந்ததாகக் கை காட்டினார். மகன் ரிசீவரை வைத்துவிட்டு எழுந்து போனான். அவள் ரிசீவரைக் காதிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு அந்தக் காவலரே வந்து, "எழுந்திருங்கம்மா, அடுத்தவங்க நிக்கறாங்க," என்றார்.

அதற்குப் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. துரு என்று நினைத்தது உண்மைதானா என்று தன்னையே குடைந்துகொண்டிருந்தாள். வீட்டில் துருப்பிடிக்கிற மாதிரி எதுவும் இருந்ததில்லை. அந்தச் சட்டையைத் துவைத்து வெயிலில் போடாமல் உள்ளே கொடியில் போட்டதும் நினைவிருந்தது. ஏன் உள்ளே போட்டாள்? மழைக்காலம்கூட இல்லையே.

கடைசிப் பாகம் வந்தபோது அவள் டிவி போடவில்லை. மறுநாள் மெஷின்காரர் உற்சாகமாக ஆரம்பித்தார். "பாத்தீங்களா? நான் இழுவைன்னு திட்டினேன், ஆனா கடைசியில ஆத்தாக்காரி என்ன பண்ணா தெரியுமா..."

"அண்ணே, மூணாவது மெஷின் கத்துது, போய்ப் பாருங்க," என்றாள் வக்கீல். மெஷின் ஒன்றும் கத்தவில்லை. அவர் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார்.

பெரியக்கா விரிப்பின் முனையைப் பிடித்தபடி நின்றாள். "என் பையன் கப்பல்ல இல்ல," என்றாள்.

"தெரியும்க்கா. எங்கன்னுதான் தெரியல. சட்டைன்னு சொன்னீங்களே, அன்னையிலேருந்து யோசிச்சிட்டிருக்கேன்."

பெரியக்கா சொன்னாள். அழாமல், வரிசையாகச் சொன்னாள். கிடங்கு, காவல்காரர், ஒரு வாரம், தொட்டித் தண்ணீர். சொல்லச் சொல்லக் கைகள் பாட்டுக்கு மடித்துக்கொண்டிருந்தன. வக்கீலும் மடித்தாள். எதிரெதிரே நடந்து வந்து முனைகளைச் சேர்க்கும்போது இருவர் விரல்களும் தொட்டன. வக்கீல் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அவருக்குக் குடும்பம் இருக்கா? அந்தக் காவல்காரருக்கு?"

"பொண்டாட்டி இருக்காங்க. ஒரு பொண்ணு. கோர்ட்டுல பாத்திருக்கேன். ஒருநாள் அந்தம்மா பக்கத்துலயே உக்கார வேண்டியதாப் போச்சு. வேற இடம் இல்ல."

வக்கீல் அடுத்த விரிப்பை எடுத்தாள். அன்று மதியம் அவள் தலைவலி என்று சொல்லி மேலே போய்த் தனியாகச் சாப்பிட்டாள். அடுத்த நாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும் தலைவலிதான். மெஷின்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பெண்கள் சண்டை என்று முடிவுகட்டி ஒதுங்கிக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து வக்கீல் தன் டப்பாவோடு வந்து பெரியக்காவுக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். "அந்தக் காவல்காரர் பொண்ண நினைச்சா எனக்கு ஆறலக்கா," என்றாள். "உங்களப் பாத்தாலும் பாவமா இருக்கு. ரெண்டையும் சேத்து நினைக்க எனக்கு வரல. வரும்னு பொய் சொல்ல மாட்டேன்." கொஞ்ச நேரம் மென்றாள். "அடுத்த மாசம் லீவுக்குப் பல் டாக்டர்னு எழுத வேணாம். உங்க வேலைய நான் பாத்துக்கறேன். போயிட்டு வாங்க."

அடுத்த பார்வை நாளில் மகன் வந்து உட்கார்ந்ததும், உடம்பைப் பற்றியும் போர்வையைப் பற்றியும் அவள் கேட்கவில்லை. ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு என்னடா நடந்துச்சு?"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். "வேணாம்மா. இப்ப எதுக்கு?"

"கேக்கறேன். சொல்லு."

அவன் சொன்னான். கைகலப்பு எதுவும் நடக்கவில்லை. காவல்காரர் கையில் டார்ச்லைட் மட்டும்தான் இருந்தது. அவன் அந்தக் கிடங்குக்குச் சரக்கு ஏற்றப் போகும்போதெல்லாம் பார்த்திருந்ததால் அவர் அடையாளம் தெரிந்துகொண்டார். "தம்பி, நீயா? போயிடுப்பா, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்," என்றார். நண்பர்கள் ஓடிவிட்டார்கள். அவனும் வாசல் வரை போனான்.

"வாசல் வரைக்கும் போயிட்டு, திரும்பி வந்தேன்," என்றான். "என் முகத்தப் பாத்துட்டாரேன்னு திரும்பி வந்தேன். அவர் டார்ச்ச அணைச்சிட்டு உக்காந்திருந்தார். நான் வர்றத அவர் கவனிக்கல."

அவள் கண்ணாடியை வெறித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடமும் அவள் கையில் பிடித்துக்கொண்டிருந்தது பயத்தில் ஓங்கிய ஒரு கை மட்டுமே. இனி அதுவும் இல்லை.

"கேட்டியேன்னுதான் சொன்னேன்," என்றான்.

"ம்."

"அடுத்த மாசம் வருவியா?"

பக்கத்துத் தடுப்பில் ஒரு பெண் தன் குழந்தையைத் தூக்கிக் கண்ணாடியோடு ஒட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். மகனுடைய கண்கள் அந்தப் பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்தன. அவன் மறுபடி கேட்கவில்லை.

"வரேன்," என்றாள் கடைசியில்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்தாள். அவள் ஏற வேண்டிய பஸ் வந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. டிரைவர் ஒருமுறை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு ஓட்டிக்கொண்டு போனார். அடுத்ததற்கு முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். கோர்ட்டில் அன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த காவல்காரரின் மனைவி, தன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அவளுக்கு இடம் விட்டது ஞாபகத்துக்கு வந்தது. இவள் யார் என்று அந்தம்மாவுக்கு அப்போது தெரியாது.