மூணு மணின்னா மூணு மணி

டெய்லர் மணலில் சப்பணமிட்டு உட்கார்ந்து மனைவியின் தோள்பை வாருக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தபோது மணி இரண்டு நாற்பது. ஊசியும் நூலும் இல்லாமல் அவர் சொர்க்கத்துக்குக் கூப்பிட்டாலும் போகமாட்டார். சட்டைப் பையில் இஞ்ச் டேப்பும் இருந்தது. கடலுக்கு அளவெடுக்கப் போறீங்களாப்பா என்று கிளம்பும்போதே மகள் கேலி செய்திருந்தாள்.

இவர்கள் இருவர் மட்டும் வந்திருக்கும் இந்த விடுமுறையே மகளின் ஏற்பாடுதான். கடலோரமாக நான்கு சின்னக் கிராமங்கள், பகலில் நடை, மாலையில் அடுத்த கிராமத்தில் ஒரு வீட்டில் தங்கல். பெட்டிகள் வேனில் முன்னாலேயே போய்விடும். வயசான காலத்தில் நடக்க விட்டு வேடிக்கை பார்க்கிறாளே என்று முதல் நாள் முனகியவர், மூன்றாம் நாள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைபோல அலையில் ஓடினார். மெஷின் மிதித்தே தேய்ந்த கால்களுக்கு ஈர மணல் அத்தனை சுகமாக இருந்தது.

"ஏங்க, மூணு மணிக்குள்ள அந்த முனைப்பாறையைத் தாண்டிடணும். அப்புறம் தண்ணி ஏறிடுமாம். நாம தங்கின வீட்டுக்காரம்மா சொன்னாங்க." மனைவி எழுந்து நின்று புடவையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினாள். சொல்வது இது மூன்றாவது தடவை.

"பத்தே நிமிஷம்மா."

டெய்லரின் பத்து நிமிஷம் ஊரறிந்த சங்கதி. செவ்வாய்க்கிழமை தருகிறேன் என்று அவர் சொன்னால், எந்த மாசத்துச் செவ்வாய் என்று கேட்கும் அளவுக்கு வாடிக்கைக்காரர்கள் தேறியிருந்தார்கள். மனைவியோ ஆஸ்பத்திரியில் நர்ஸ். மருந்து, ஊசி, டிரிப்ஸ் எல்லாமே கடிகாரத்தோடு ஓடும் பிழைப்பு. இப்படி ஒரு மனிதரைக் கட்டிக்கொண்டு ஒரு ரயிலையாவது பிடிக்க வேண்டுமானால் அதற்கு ஒரே வழிதான் உண்டு, அதை அவள் கல்யாணமான புதிதிலேயே கண்டுபிடித்துவிட்டாள். எட்டரை மணி ரயிலை எட்டு மணி ரயில் என்பாள். பதினொரு மணி முகூர்த்தத்தைப் பத்தரை என்பாள்.

ஒரு கல்யாணப் பத்திரிகையைத் தற்செயலாக எடுத்துப் படித்த அன்று அவருக்கு இது தெரிந்துபோயிற்று. கோபம் வரவில்லை, நிம்மதிதான் வந்தது. அன்று முதல் அவள் சொல்லும் எந்த நேரத்தோடும் மனசுக்குள் அரை மணி கூட்டிக்கொள்வார். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. காட்டினால் அவள் கணக்கை மாற்றிவிடுவாள் அல்லவா? ஆகவே மூணு என்றால் மூணரை. நூலைப் பல்லால் கடித்து அறுத்து, வாரை இரண்டு முறை இழுத்துப் பார்த்து, இன்னொரு தரம் காலை நனைத்துவிட்டு அவர் புறப்பட்டபோது மணி மூன்று ஐந்து.

முனைப்பாறையை நெருங்கியபோது மூன்றேகால். பாறையின் அடியில் மணலே இல்லை. காலையில் அந்த வீட்டு அம்மா சொன்ன வழி இருந்த இடத்தில் கடல் பாறையில் மோதி வெள்ளையாய்ச் சிதறிக்கொண்டிருந்தது.

"திரும்புங்க" என்றாள் அவள்.

திரும்பினார்கள். அவளுக்கு முழங்கால் வலி, வார்டில் நின்று நின்று வந்தது. ஈர மணலில் ஒவ்வொரு அடியும் அவளுக்கு நோகிறது என்று அவருக்குத் தெரிந்தது. காலையில் அவர்கள் வளைந்து வந்த பின்பக்கத்துப் பாறையும் மூழ்கியிருந்தது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் செங்குத்தான பாறைச் சுவர், நடுவில் சுருங்கிக்கொண்டே வந்த ஒரு துண்டு மணல். இருவருக்கும் நீச்சல் தெரியாது. போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.

சுவரில் ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக ஒரு திட்டு நீட்டிக்கொண்டிருந்தது. அவளைத் தோள்கொடுத்து ஏற்றிவிட்டு, சட்டை கிழிய அவரும் ஏறினார். திட்டுக்கு மேலே பாறை கொஞ்ச தூரம் கறுப்பாகவும் அதற்கு மேல் வெளுப்பாகவும் இருந்தது. இரண்டு நிறமும் சேரும் கோடு அவருடைய முழங்கால் அளவுக்கு வந்தது. இருவரும் அந்தக் கோட்டைப் பார்த்தார்கள். ஏதோ ஒரு நாள் தண்ணீர் அதுவரை ஏறியிருக்கிறது.

"மூணு தடவை சொன்னேன்" என்றாள் அவள்.

"நீ மூணுன்னா மூணரைன்னு நெனச்சேன்."

"என்னது?"

"நீ எப்பவும் அரை மணி முன்னாடிதானே சொல்லுவே. எனக்குத் தெரியும்மா. பாப்பா மூணாங் கிளாஸ் படிச்சப்பவே தெரியும்."

வேறு ஒரு நாளாயிருந்தால் அவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இன்று அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ரயிலும் கடலும் ஒண்ணாங்க? டயம் மாத்திச் சொல்ற விஷயமா இது?"

அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அதைவிடப் பெரிதாகப் பயம்.

"எப்ப இறங்கும்?"

"அஞ்சேகால் வரைக்கும் ஏறும். அப்புறம் இறங்கிடும்."

"அஞ்சேகால்னா அஞ்சேகால்தானா?"

அவள் கண் கடலை விட்டு நகரவில்லை. வலிக்காது, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டே ஊசி போடுகிறவள் அவள். ஆபரேஷனுக்குப் போகிற ஆளிடம் அரை மணி வேலைதான் என்று சிரித்துக்கொண்டே சொல்வதை அவரே கேட்டிருக்கிறார். பயந்தவனுக்குக் குறைத்துச் சொல்வது அவளுக்குக் கைவந்த கலை. ஐந்தே முக்காலைத்தான் ஐந்தேகால் என்கிறாளோ? இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, அவள் சொல் அப்படியே நிஜமாக இருக்க வேண்டுமே என்று அவர் மனசு அடித்துக்கொண்டது.

சும்மா நிற்க முடியவில்லை. குப்புறப் படுத்து, டேப்பின் தலைப்பைத் திட்டின் விளிம்பில் அழுத்திப் பிடித்து, தகடு வைத்த மறுநுனியைக் கீழே தொங்கவிட்டார். அலை பின்வாங்கும் நேரம் பார்த்து எண்ணைப் படித்தார். தண்ணீர் முப்பத்தொரு இஞ்ச் கீழே. பத்து நிமிஷம் கழித்து இருபத்தாறு. நாலரை மணிக்குப் பத்தொன்பது.

"எவ்வளவு?" என்று மேலிருந்து கேட்டாள். அவளால் குனிய முடியாது.

"இருபத்தொண்ணு."

கூட்டிச் சொல்லிவிட்டார். எத்தனை சுலபமாக வந்துவிட்டது! தையலுக்கு இரண்டு இஞ்ச் விடுகிற மாதிரி, கையே தன்னால் விட்டுவிட்டது.

"இல்ல. பத்தொம்பது."

அவள் சுவரைப் பிடித்தபடி மெல்லச் சரிந்து, நோகும் காலை நீட்டி உட்கார்ந்து, அவர் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். "அஞ்சேகால்தாங்க. ஒரு நிமிஷம்கூட நான் குறைக்கலை."

"சரிம்மா."

ஒரு பெரிய அலை வந்து இருவரையும் நனைத்துவிட்டுப் போனது. பத்தொன்பது பன்னிரண்டாயிற்று. பன்னிரண்டு எட்டாயிற்று. ஒவ்வொரு எண்ணையும் அவர் உள்ளபடியே சொன்னார். சொல்லும்போதெல்லாம் காலரைப் பிடித்த கை இறுகியது.

ஐந்து பன்னிரண்டுக்கு ஏழு. ஐந்து பதினைந்துக்கும் ஏழு.

"மணி ஆயிடுச்சு. எவ்வளவுங்க?"

அலை ஒன்று உள்ளே வந்து, சுவரைத் தொட்டு, சலசலத்துப் பின்வாங்கியது. ஏழாம் எண்ணுக்குக் கீழே ஒரு நூல் அகலத்துக்கு டேப்பில் ஈரம் மட்டும் பளபளத்தது. அங்கே தண்ணீர் இல்லை. கடல்தான் இறங்கியதா, அந்த ஓர் அலைதான் அதிகமாக விலகியதா? அவர் நனைந்த டேப்பை அசையாமல் பிடித்துக்கொண்டு, அடுத்த அலை வந்து போவதற்காகக் கண்கொட்டாமல் காத்திருந்தார்.