இருபத்துமூன்றாவது பெயர்

கோச்சின் அறைக்கு வெளியே கிடந்த நீள பெஞ்சில் காலை எட்டு மணியிலிருந்து பெண்கள் காத்திருந்தார்கள். கால்பந்துப் பருவம் தொடங்கும் முன் நடந்த பயிற்சிக்கு முப்பத்துநாலு பேர் வந்திருந்தார்கள். பட்டியலில் இருபத்துமூன்று பேருக்குத்தான் இடம். கதவு திறக்கும், ஒருத்தி உள்ளே போவாள், சற்று நேரத்தில் வெளியே வருவாள். அதிக நேரம் உள்ளே இருந்தவர்கள் தப்பித்துவிட்டார்கள் என்று பெஞ்சில் ஒரு பேச்சு பரவியிருந்தது. வேண்டாம் என்று சொல்ல நாலு நிமிடம் போதும். வேண்டும் என்றால்தான் பேசுவதற்கு விஷயம் இருக்கும்.

பூட்டு, பெஞ்சின் கடைசியில் தலையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெயர் அவளுக்கு வந்து பத்து வருடம் ஆகிறது. அவள் கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றால் பந்து உள்ளே போகாது என்று கேலரியில் யாரோ கத்தப்போய், அது அப்படியே ஒட்டிக்கொண்டது. பதிமூன்று வயதில் இந்தக் கிளப்பில் சேர்ந்தவள். அணி இரண்டாம் பிரிவில் கிடந்து உழன்ற காலம் முழுக்க அவள்தான் கீப்பர். முதல் பிரிவுக்கு ஏறிய ஆட்டத்தில் கடைசி நிமிடப் பெனால்டியைத் தடுத்தவளும் அவள்தான். அதன்பிறகு குழந்தை பிறந்தது. ஒன்றரை வருடம் மைதானத்தின் பக்கமே வரவில்லை. இப்போது வயது முப்பத்தொன்று. இடுப்பு பழைய மாதிரி வளைந்து கொடுக்க மறுக்கிறது.

அந்த ஒன்றரை வருடத்தில் கிளப் கைமாறியிருந்தது. புது முதலாளிக்குப் பொறுமை கிடையாது. அடுத்த வருடம், அதற்கடுத்த வருடம் என்ற பேச்சே கூடாது, இந்த வருடமே கோப்பை வேண்டும் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து புது முகங்கள் பெட்டியும் பையுமாக வந்து இறங்கிக்கொண்டே இருந்தன. கோல் அடிக்க ஒருத்தி வந்தாள். அவள் உதையைப் பார்த்து முதல் நாளே பீரங்கி என்று பெயர் வைத்துவிட்டார்கள். தடுத்தாட இரண்டு பேர். கோல் காக்கவும் ஒருத்தி.

"உன்னை முதல்ல கூப்பிட்டா, வெளிய வரும்போது மூஞ்சியைக் கொஞ்சம் நல்லா வச்சுக்கிட்டு வா," என்றாள் பக்கத்திலிருந்த நெட்டை. "நீ அழுதுக்கிட்டு வந்தேன்னா அப்புறம் நான் உள்ளயே போக மாட்டேன்."

நெட்டை ஒன்பது வருடமாக நடுக்களத்தில் ஆடுகிறவள். வெளியூர் ஆட்டங்களுக்குப் போனால் இருவருக்கும் எப்போதும் ஒரே அறை.

"நீ மட்டும் சிரிச்சுக்கிட்டு வருவியாக்கும்," என்றாள் பூட்டு.

நெட்டையைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். பூட்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றரை நிமிடம். வெளியே வந்த நெட்டை குனிந்து பெஞ்சுக்கு அடியிலிருந்த பூட்ஸ் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"எனக்கு விடுதலை ஆயிடுச்சுடி," என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "போ, உன்னைக் கூப்பிடுறாரு."

அறைக்குள் ஒரு சுவர் முழுக்க வெள்ளைப் பலகை. அதில் மைதானத்தைக் கோடு போட்டு வரைந்து, ஒவ்வோர் இடத்திலும் காந்தம் வைத்த சின்ன அட்டைகளில் பெயர்களை ஒட்டியிருந்தார் கோச். எல்லா இடத்திலும் இரண்டு பெயர்கள். கோல் கம்பத்துக்கு நேரே மட்டும் மூன்று. மூன்றாவது பெயர் அவளுடையது. அவள் அதைப் பார்த்துவிட்டாள் என்று கோச்சுக்கும் தெரிந்தது.

"உக்காரும்மா. நீ இருக்கே. மூணாவது கீப்பர்."

"ரொம்ப நன்றி சார். இடுப்பு ஒரு மாசத்துல சரியாயிடும் சார். காலையில ஓடிக்கிட்டுதான் இருக்கேன்."

"இடுப்பைப் பத்தி இப்ப என்ன அவசரம்."

அவளுடைய அட்டையின் மூலையில் ஒரு பச்சைப் பொட்டு இருந்தது. வேறு ஐந்து அட்டைகளிலும் அதே பொட்டு.

"அது என்ன சார், பச்சையா?"

"அதுவா? சங்கத்தோட விதி. இருபத்துமூணு பேர்ல ஆறு பேராவது நம்ம கிளப்லயே சின்ன வயசுலருந்து வளர்ந்தவங்களா இருக்கணும். இல்லன்னா பட்டியலையே வாங்கிக்க மாட்டாங்க. உன்னைச் சேர்த்தா ஆறு." பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோல அவர் அதைச் சொன்னார்.

நெட்டை இந்தக் கிளப்புக்கு வந்தபோது வயது இருபத்திரண்டு. பூட்டுக்கு அது பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தபோதுதான் உறைத்தது. வந்த பஸ்ஸை விட்டுவிட்டாள்.

அவள் கணவன் ரொட்டி ஆலையில் அடுப்படி வேலை பார்க்கிறவன். சாயந்திரம் வந்து சட்டையைக் கழற்றும்போதே கேட்டுவிட்டான்.

"இருக்கியா, இல்லையா?"

"பேருக்கு இருக்கேன்."

"பேருக்குன்னா?"

"பேருக்குத்தாங்க. என் பேர் வேணுமாம். நான் நிக்கணும்னு இல்லை." பச்சைப் பொட்டைப் பற்றிச் சொன்னாள்.

அவன் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். குழந்தை அவன் புருவத்தில் ஒட்டியிருந்த மாவை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தது.

"எப்படியோ உள்ள ஏறிட்டே இல்ல? பஸ்ல நிக்கிறவங்களுக்கு வழியில சீட்டு கிடைக்கத்தானே செய்யுது?"

"கடைசி வரைக்கும் நின்னுக்கிட்டே வந்து இறங்குறவங்களும் இருக்காங்க," என்றாள். சொன்னாளே தவிர, அவன் சொன்னது நடக்கட்டும் என்றுதான் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

பருவம் தொடங்கியது. காலைப் பயிற்சியில் புது கீப்பர் மற்ற பத்துப் பேரோடு ஒரு பக்கம் ஆடுவாள். மறு பக்கக் கோலில் பூட்டு நிற்பாள், பீரங்கி உதைத்துப் பழகுவதற்கு. ஒரு நாளைக்கு நூற்றைம்பது பந்து. விரல்களுக்குப் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு, வலப்பக்கம் இடப்பக்கம் என்று பாய்ந்து பாய்ந்து, முழங்கையும் இடுப்பெலும்பும் கன்றிப்போகும். ஒரு மாதம் என்று சொன்னாள். மூன்று வாரத்திலேயே உடம்பு வழிக்கு வந்துவிட்டது. பந்து உதைபடும் முன்பே, உதைப்பவளின் தோள் சாய்வதைப் பார்த்துத் திசை தெரிந்துவிடுகிற பழைய கண்ணும் திரும்பிவிட்டது. ஒரு நாள் நாற்பது பந்தை வரிசையாகத் தடுத்தாள். கோச் விசில் ஊதிக்கொண்டே வந்தார். பாராட்டப் போகிறார் என்று நினைத்துக் கையுறையைக் கழற்றினாள்.

"கொஞ்சம் விடும்மா," என்றார் தாழ்ந்த குரலில். "சனிக்கிழமை ஆட்டம் இருக்கு. எல்லாத்தையும் நீயே புடிச்சுட்டா பீரங்கிக்கு நம்பிக்கை எப்படி வரும்?"

மறுநாளிலிருந்து மூன்றுக்கு ஒன்று என்று விட ஆரம்பித்தாள். தெரிந்தே விடுவது, பாய்ந்து பிடிப்பதைவிட உடம்பை அதிகம் வருத்தியது.

ஆட்ட நாட்களில் அவளுக்கு மைதானத்தில் இடமில்லை. கேலரியில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருப்பாள். எதிரணிக்குக் கார்னர் கிடைத்தால் அவள் கால்கள் தன்பாட்டில் இரண்டு அடி பக்கவாட்டில் நகரும். "என் காலை ஏம்மா மிதிக்கிறே? பந்து அங்க இருக்கு," என்று பக்கத்து இருக்கை அம்மாள் ஒருமுறை சத்தம் போட்டாள்.

புது கீப்பரைக் குறை சொல்ல முடியாது. நல்ல உயரம், நல்ல மனசு. பாதிப் பருவத்தில் ஒரு பெரிய ஆட்டத்துக்கு முந்தின நாள் அவளே வந்து கேட்டாள். "அக்கா, அவங்க கேப்டன் பெனால்டி அடிச்சா எந்தப் பக்கம் அடிப்பா?"

"ஓடி வரும்போது தலை குனிஞ்சிருந்தா உனக்கு இடப்பக்கம். தலை நிமிர்ந்திருந்தா நடுவுல."

மறுநாள் பெனால்டி வந்தது. கேப்டன் தலையைக் குனிந்து ஓடி வந்தாள். புது கீப்பர் இடப்பக்கம் பாய்ந்து தட்டிவிட்டாள். பத்திரிகையில் அரைப் பக்கத்துக்குப் படம். "எல்லாம் உன் புண்ணியம்க்கா," என்று வந்து கட்டிக்கொண்டாள். பூட்டு அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

ஒரு ஆட்டம் மிச்சம் இருக்கும்போதே கோப்பை உறுதியாகிவிட்டது. அந்த வாரம் பயிற்சி முடிந்து பந்துகளை வலைப்பையில் போட்டுக்கொண்டிருந்தவளிடம் கோச் வந்து நின்றார்.

"கடைசி ஆட்டம் சும்மாதானே. ரெண்டாவது கீப்பருக்கு ஓய்வு கொடுக்கிறேன். நீ பெஞ்சுக்கு வா. எழுபது நிமிஷம் போகட்டும், உன்னை இறக்குறேன்."

வீட்டுக்குப் போகும் வரைகூடப் பொறுக்கவில்லை. நெட்டைக்குப் போன் போட்டாள். அவள் இப்போது ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறாள்.

"நில்லுடி," என்றாள் நெட்டை. பின்னால் தள்ளுவண்டிச் சக்கரங்கள் உருளும் சத்தம் கேட்டது. "எனக்கும் சேர்த்து இருபது நிமிஷம் நில்லு."

கணவன் வேலை நேரத்தை வேறொருவனோடு மாற்றிக்கொண்டான். குழந்தையைக் குளிப்பாட்டி, தலைவாரி, பகல் தூக்கத்தைக் கெடுக்காமல் தூக்கிக்கொண்டு வந்து, கோலுக்கு நேர் பின்னால் இடம் பிடித்தான். அம்மா கோல் கம்பங்களுக்கு நடுவே நிற்பதை அது இதுவரை பார்த்ததில்லை.

காலையில் பெய்த மழையில் தரை ஊறிக் கிடந்தது. ஆடியவர்களெல்லாம் அரைமணி நேரத்திலேயே சேற்றில் புரண்டெழுந்த மாதிரி ஆகிவிட்டார்கள். இடைவேளைக்குள் அவர்கள் அணி மூன்று கோல் போட்டுவிட்டது. அறுபத்தைந்தாவது நிமிடம் கோச் திரும்பித் தலையசைத்தார். பூட்டு மேல்கோட்டைக் கழற்றினாள். உள்ளே புது மஞ்சள் ஜெர்சி. கோட்டோரமாக ஓடினாள், குனிந்தாள், நிமிர்ந்தாள், கைகளைச் சுழற்றினாள். கேலரியில் பழைய ஆட்கள் சிலர் அடையாளம் கண்டுகொண்டு "பூட்டு! பூட்டு!" என்று குரல் கொடுத்தார்கள். கணவன் குழந்தையைத் தோளுக்கு மேல் தூக்கிப் பிடித்தான்.

எழுபத்திரண்டாவது நிமிடம் நடுக்கோட்டருகே போய் நின்றாள். ஒரு ஆட்டத்தில் மூன்று பேரைத்தான் மாற்றலாம்; இரண்டு மாற்று முடிந்து, கடைசி ஒன்று பாக்கி. பந்து வெளியே போனால்தான் உள்ளே போக முடியும். பந்து போகவில்லை. ஒரு முறை கோட்டின் மேலேயே உருண்டு வந்து மறுபடி உள்ளே போயிற்று. கையுறைப் பட்டையை இறுக்கினாள், தளர்த்தினாள், மறுபடி இறுக்கினாள்.

உதவி கோச் காதில் போனோடு ஓடி வந்தார். கோச்சிடம் ஏதோ சொன்னார். மேலே கண்ணாடி அறையில் முதலாளி எழுந்து நிற்பது தெரிந்தது. கோச் அவளருகே வந்தார்.

"பீரங்கியைத் தனியா வெளிய கூப்பிடணுமாம். ஜனங்க எழுந்து கைதட்டுறதைப் படம் எடுக்கணும்கிறாங்க," என்றார் அவளைப் பார்க்காமல். "கீப்பருக்கும் இன்னைக்குக் கோல் விழலைன்னா அது சாதனையாம். என் கையில இல்லம்மா."

"சார், அஞ்சு நிமிஷம் போதும் சார்."

"மாற்று ஒண்ணுதானே இருக்கு."

பந்து வெளியே போனது. கோட்டோரம் தூக்கிப் பிடித்த மாற்றுப் பலகையில் பீரங்கியின் ஒன்பதாம் எண் எரிந்தது. பீரங்கி இரண்டு கைகளையும் உயர்த்தி, மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து மெல்ல மெல்ல நடந்து வந்தாள். அரங்கமே எழுந்து நின்றது. அவளுக்குப் பதிலாக ஒருத்தி பூட்டைத் தாண்டி உள்ளே ஓடினாள். பூட்டும் கைதட்டினாள். கையுறை போட்ட கைகள், சத்தம் வரவில்லை.

கோப்பையைத் தூக்கியபோது இருபத்துமூன்று பேரும் மேடையில் நின்றார்கள். கீழே இறங்கியதும் கம்பிவேலியோரம் கணவன் குழந்தையோடு வந்தான். அது அவன் தோளில் தூங்கிப் போயிருந்தது.

"நீ ஓரமா ஓடினேல்ல, அப்பப் பாப்பா கைதட்டுனா," என்றான். "நல்லாத் தட்டுனா."

"சேறா இருக்கு, பாத்துப் போங்க. துணி மாத்திட்டு வரேன்."

உடைமாற்றும் அறையில் பாட்டும் கூத்துமாக இருந்தது. கிளப் துணிகளைத் துவைக்கிற அம்மாள் சக்கரத் தொட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, தரையில் கிடந்த ஜெர்சிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டாள். கழுத்துவரை சேறு, முழங்கையில் புல் கறை, ஒன்றில் ரத்தம். பூட்டு தன்னுடையதைக் கழற்றி நீட்டினாள். அந்த அம்மாள் அதை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் விரித்தாள். முன்பக்கம் பார்த்தாள், திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள்.

"இதை எதுக்கும்மா வீணாத் தண்ணியில போட்டுக்கிட்டு," என்றாள்.

மார்பில் வைத்துக் கைகளை உள்ளே மடித்து, உள்ளங்கையால் நீவிவிட்டு, துவைத்த துணிகள் இருந்த அலமாரியில் கொண்டுபோய் அடுக்கினாள்.