கழுதை பூட்டி உழுத ஊர்

“புனேக்காராளுக்கே புனே பொறந்த கதையா? திருநெல்வேலிக்கே அல்வா கிண்டப் போறயா, விசாலம்?” என்று கிளம்பும்போதே கணவர் விச்சு வாரிவிட்டார். விசாலாக்ஷிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், தேஹு ரோட்டிலிருந்து லோக்கல் ரயில் பிடித்து ஞாயிறுதோறும், புனேயின் பழைய தெருக்களைச் சுற்றிக் காட்டி ஊர்க்கதை சொல்லும் நடைக்குப் போய், கூட்டத்தின் வாலில் நடந்தவள். இன்றைக்குத்தான் கதை சொல்லும் வாய்ப்பு. நடையை நடத்தும் கீர்த்தியோ கறார்: “யாராவது மூஞ்சி சுளிச்சா இதோட சரி, ஆன்ட்டி.”

பழைய புனேயின் கஸ்பா பேட்டைச் சந்தில் நின்ற அத்தனை பேரும் மராத்திக்காரர்கள். முன்னால் ஒரு வெள்ளைத் தொப்பித் தாத்தா, அதே சந்தில் பிறந்து வளர்ந்தவராம். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்ற தோரணையே பரீட்சை வைக்க வந்தவர் மாதிரி இருந்தது.

மராத்தியில் நன்றாகத்தான் ஆரம்பித்தாள். அந்தக் காலத்தில் எதிரிப் படை இந்தப் புனேயைக் கொளுத்தியதாம், கழுதையை ஏரில் பூட்டி உழுததாம், இனி எவனும் இங்கே குடியேறக் கூடாதென்று இரும்புக் கடப்பாரையை நட்டுவிட்டுப் போனதாம். சொல்லச் சொல்ல ஆவேசம் வந்துவிட்டது. “ஒரு வீட்டுல அடுப்பு எரியலை! நரி ஊளையிடறது! அப்பத்தான் ஜிஜாபாய் வரா, பின்னாடி மராட்டா ராஜாவாகப் போற பிள்ளையைக் கையில பிடிச்சுண்டு...”

கூட்டம் திருதிருவென்று விழித்தது. அட ராமா! எப்போது தமிழுக்குத் தாவினாள்? கோபமோ அழுகையோ வந்தால் அவளுக்குத் தமிழ்தான் வரும். அது நடுத்தெருவில் மானத்தை வாங்கிவிட்டது. கீர்த்தி நெற்றியில் அடித்துக்கொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு.

“ஏன் நிறுத்திட்டீங்க?” தாத்தா மராத்தியில் சீறினார்.

“மன்னிக்கணும், தமிழ்ல பேசிட்டேன்...” தட்டுத்தடுமாறி அவளும் மராத்திக்குத் திரும்பினாள்.

“அது தெரியுது. ஒரு வார்த்தை புரியலை. இந்தக் கதையை நான் தூக்கத்துல எழுப்பினாலும் சொல்லுவேன். ஆனா நீங்க சொன்ன வேகத்துல, இந்த ஊர் திரும்ப எழும்புமா எழும்பாதான்னு எனக்கே பயம் வந்துடுச்சு. சீக்கிரம் சொல்லுங்க மேடம், ஜனங்க வந்தாங்களா இல்லையா?”

அப்பாடா! விசாலாக்ஷிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து முட்டின.

“வந்தாங்க,” என்றாள் மராத்தியில். “எங்கெங்கிருந்தோ வந்தாங்க. கழுதை உழுத சாபம் போக, அதே மண்ணுல தங்க ஏர் பூட்டி உழுதாங்க. வீட்டுக்கு வீடு அடுப்பு எரிஞ்சுது.”

பின்னாலிருந்து கீர்த்தி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். தாத்தா தொப்பியைக் கழற்றி நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

“நல்ல வேளை,” என்றார்.