முடிந்துபோன உத்தரவு

மலேசியாவின் போர்ட் கிள்ளான் அடுக்குமாடி ஒன்றில் குடியிருந்த மகதலேனா, வாசலைத் தாண்டி வெளியே கால் வைத்தால் தன் சமையலறையிலேயே வந்து நிற்பாள். கோவிட் வந்த இரண்டாம் ஆண்டில் இது தொடங்கியது. கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்த அவளுக்குத் தொற்று வந்தபோது, வீட்டைவிட்டு வெளியேறக் கூடாது என்று உத்தரவு போட்டு, கையில் இளஞ்சிவப்புப் பட்டை கட்டினார்கள். காய்ச்சல் விட்டது. உத்தரவின் காலமும் முடிந்தது. விடுவிக்க வரவேண்டிய அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். பட்டையை அவளே கத்தரித்து எறிந்தாள். வாசல்தான் அவளை விடவில்லை.

கணவன் லோகன் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். நடைபாதையில் அவன் கைகள் காலியாக இருந்தன. சமையலறையிலிருந்து அவள் கூப்பிட்டாள். மற்றவர்கள் எப்போதும்போல வந்துபோனார்கள். அதிகாரிகளைக் கேட்டால், உத்தரவு காலாவதியாகிவிட்டது, தாராளமாகப் போகலாம் என்றார்கள். கிடங்கில் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து உஷாராணி என்ற இளம் வழக்கறிஞர் வழக்கை எடுத்தாள். நோயைத் தடுக்க மக்களை வீட்டில் இருத்த அரசுக்கு அதிகாரம் உண்டு, அதை நான் மறுக்கவில்லை, ஆனால் சட்டம் சொன்ன காலத்தோடு அது நின்றுவிட வேண்டும், அதற்கு மேல் போனால் அரசமைப்பு தந்த சுதந்திரத்தைப் பறிப்பதாகும் என்று வாதாடினாள். அரசு வழக்கறிஞரும் இதை மறுக்கவில்லை. உத்தரவும் இல்லை, கதவில் பூட்டும் இல்லை, யாரை என்ன செய்யச் சொல்வது என்றுதான் கேட்டார். மகதலேனா வெளியேறிச் சமையலறைக்கு வருவதை நீதிபதி காணொளியில் இரண்டு முறை பார்த்துக் குறித்துக்கொண்டார். பிறகு, தீர்ப்பதற்கு எதுவும் மிச்சமில்லை என்று வழக்கைத் தள்ளினார்.

"உத்தரவுன்னு ஒன்னு இருந்தா உடைச்சிடுவேன்க்கா. இல்லாதத எப்படி உடைக்கிறது?" என்றாள் உஷாராணி. அன்றைக்கே மேல்முறையீட்டு வேலையில் இறங்கினாள்.

அது விசாரணைக்கு வருவதற்குள் கிள்ளானில் மகதலேனாவின் அப்பா செபாஸ்டியன் இறந்துபோனார். லிஃப்ட் பழுதாகிக் கிடந்ததால் சவப்பெட்டியைப் படி வழியாகவே மேலே கொண்டுவந்து அவள் வீட்டுக் கூடத்தில் வைத்தார்கள். அவள் அப்பாவின் நெற்றியில் முத்தமிட்டாள். எடுத்தபோது பெட்டியைப் பிடித்துக்கொண்டே வாசல்வரை நடந்தாள். அடுத்த அடியில் சமையலறையில் நின்றாள். ஜன்னலுக்கு ஓடி வருவதற்குள் வண்டி முனை திரும்பிவிட்டது.

மறுவருடம் மேல் நீதிமன்றம் அவள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சட்டம் தந்த காலம் முடிந்தால் அதிகாரமும் முடிந்தது. விடுவிக்க மறந்ததால் அது நீளாது. சட்டக் கல்லூரிகளில் அந்தத் தீர்ப்பைப் பாடமாகச் சொன்னார்கள். உஷாராணியே வீட்டுக்கு வந்து மகதலேனாவுக்கும் லோகனுக்கும் அதைப் படித்துக் காட்டினாள்.

மகதலேனா கடைசிவரை கேட்டாள். "இது அப்பா போறதுக்கு முன்னாடி வந்திருக்கலாம் லா."

உஷாராணி வாசலைக் காட்டினாள். "ஒரு தடவ போய்ப் பாருங்கக்கா" என்றாள்.

மகதலேனா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டினாள். வந்து நின்ற சமையலறையில் மீன் குழம்பு அடிப்பிடிக்கும் வாசம் வந்துகொண்டிருந்தது. அடுப்பைக் குறைத்து ஒரு கிண்டு கிண்டிவிட்டு, லோகனையும் உஷாராணியையும் சாப்பிட உட்காரச் சொன்னாள்.