வெளியூர் ஆள்

லாரி ஆலங்கரைக்குள் நுழையும்போதே கண்ணாத்தாள் பக்கப் பலகையைப் பிடித்து எழுந்து பார்த்தாள். அறுக்க ஆள் கிடைக்காத ஊர் என்று சொல்லித்தான் ஏஜென்ட் அவர்களைப் பூதலூரிலிருந்து ஏற்றி அனுப்பியிருந்தான். இங்கே பார்த்தால் வரப்பெல்லாம் ஆட்கள். சம்பா விளைந்து தலை சாய்ந்து கிடக்க, கூலி உயர்வு கேட்டுச் செங்கொடியை நட்டுவிட்டு வெறுங்கையோடு நின்றார்கள். ஒரு பெண் குனிந்து மண்ணை வாரி லாரியைப் பார்த்துத் தூற்றினாள்.

"இவங்க வாயில மண்ணைப் போடவா நாம வந்திருக்கோம்?" என்று கண்ணாத்தாள் புருஷனைக் கேட்டாள்.

"வந்தமா, அறுத்தமா, போனமான்னு இரு" என்றான் மருதையன். அவன்தான் அந்தக் கூட்டத்துக்குத் தலை. ஏஜென்டைப் பகைத்துக்கொண்டால் அவர்கள் தெருவுக்கே வேலை வராது என்பது அவனுக்குத் தெரியும்.

அவர்கள் ஒட்டர்கள். பாட்டன்மார் புது ஆறு வெட்டத் தெலுங்குச் சீமையிலிருந்து மண்வெட்டியோடு வந்தவர்கள். வெட்டிய ஆற்றில் தண்ணீர் வந்தது. அதில் பாய்ச்சிக்கொள்ள வெட்டினவர்களுக்கு ஒரு குழி நிலம் வரவில்லை. வீட்டுக்குள் இன்னும் தெலுங்குதான். ஆனால் ஏஜென்ட் புறப்படும்போதே சொல்லியிருந்தான்: "பண்ணையில தமிழ்லயே பேசுங்க. ஒட்டர்னு தெரிஞ்சா, மண்ணு வெட்டுறவனுக்கு அறுப்பு என்ன தெரியும்பாரு நாயுடு."

பண்ணை கோதண்டராம நாயுடுவுடையது. நாயக்க ராஜாவோடு குதிரையில் வந்த வம்சம் என்பார்கள். அவருடைய ரைஸ்மில் கொட்டகைதான் அவர்களுக்குத் தங்குமிடம். சாப்பாடு மாட்டுக்கொட்டகை ஓரம். கை கழுவி உள்ளே போனதும் வெளியே பூட்டு விழுந்தது.

"ஒங்க பாதுகாப்புக்குத்தான்" என்றார் நாயுடு. "கொடி புடிக்கிறவனுங்க என்ன வேணாலும் செய்வானுங்க."

மறுநாள் அறுப்புக்குப் போகவில்லை. போலீஸ் வராமல் வயலில் இறங்க வேண்டாம் என்றுவிட்டார் நாயுடு. தகரக் கூரையின் கீழ் தவிட்டு நெடியில் எல்லாரும் வெந்தார்கள். ஜன்னல் கம்பிக்கு வெளியே ஊர்க்காரர்கள் நின்று ஏசுவது கேட்டது. உள்ளே இருந்தால் நாயுடுவின் கைதி; வெளியே போனால் ஊருக்கு எதிரி.

பொழுது சாயும்போது காவல்காரன் கதவைத் திறந்து, குடிதண்ணீர் எடுக்கக் கண்ணாத்தாளை மட்டும் விட்டான். கொல்லைக் கிணற்றில் குடத்தை இறக்கியபோது வீட்டுக்குள்ளிருந்து தெலுங்கு கேட்டது. பிறந்த வீட்டுப் பேச்சு காதில் விழுந்ததும், அத்தனை பயத்திலும் ஒரு நொடி அவளுக்கு மனசு குளிர்ந்தது. நாயுடு தன் மைத்துனரோடு பேசிக்கொண்டிருந்தார்.

ஆட்சி மாறியதிலிருந்து போலீஸ் முன்போலச் சொன்னவுடன் வருவதில்லை, காரணம் கேட்கிறார்கள் என்றார் மைத்துனர்.

"ஒக்கரிக்கி தெப்ப தகிலிதே சாலு" என்றார் நாயுடு. ஒருத்தனுக்கு அடிபட்டால் போதும். பிறகு போலீஸ் தானாக வரும், சங்கத்துக்காரர்கள் உள்ளே போவார்கள், அறுப்பு நடக்கும்.

கண்ணாத்தாள் குடத்தைச் சத்தமில்லாமல் மேலே இழுத்தாள். கொட்டகைக்கு வந்து மருதையன் காதில் எல்லாவற்றையும் கொட்டினாள்.

அவன் எழுந்து கதவை அசைத்துப் பார்த்தான். பிறகு சொன்னான். "நீ கேட்டது மெய்யாவே இருக்கட்டும். பூட்டிக் கிடக்கோம். தொறந்து விட்டாலும் எங்க போறது? ஊர்க்காரங்க நமக்கு வழிவிடுவாங்களா?"

"நாளைக்கு முன்னால போய் நிக்காதே. அதுவாவது கேளு."

"தலையா வந்தவன் பின்னால நின்னா மத்தவன் எறங்குவானா?"

காலையில் போலீஸ் வராமலே அறுக்கச் சொன்னார் நாயுடு. மருதையன்தான் முதல் ஆளாக வயலில் இறங்கினான். எதிர் வரப்பில் ஊர்க்காரர்கள் கோஷம் போட்டார்கள். முந்தாநாள் மண் தூற்றிய பெண்ணும் அங்கே நின்றாள். பின்னால், களத்து மேட்டில், நாயுடுவின் ஆட்கள். எதிரே நிற்பவர்களை நிமிர்ந்து பார்க்கத் துணியாமல் கண்ணாத்தாள் குனிந்து அறுத்தாள். நாலு பிடி அறுத்திருப்பாள். மருதையன் 'அம்மா' என்று கதிர்மேல் குப்புற விழுந்தான். பின்மண்டையிலிருந்து இரத்தம் கழுத்துக்கு வழிந்தது. பக்கத்தில் ஒரு கருங்கல் ஜல்லி கிடந்தது. அந்த வண்டல் பூமியில் கல்லே கிடையாது.

அவள் அவனை மடியில் போட்டுக்கொண்டு அலறுவதற்குள் விசில் சத்தம் கேட்டது. எங்கிருந்தோ போலீஸ் வேன் வந்தது. எதிர் வரப்பில் தடியடி விழுந்தது. அந்தப் பெண்ணின் புருஷன் ரெத்தினத்தை இழுத்துக்கொண்டு போனார்கள். "அவரு என்னய்யா செஞ்சாரு?" என்று அவள் வேனின் பின்னாலேயே ஓடினாள். அவள் பெயர் அம்சவல்லி என்பது கண்ணாத்தாளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஆஸ்பத்திரிக்கு நாயுடு ஆப்பிள் பழத்தோடு வந்தார். அதற்குள் ஏஜென்டிடம் விசாரித்திருப்பார் போலும், தெலுங்கில் பேசினார். "முன்னமே சொல்லக் கூடாதா? மனவாள்ளு!" நம்மவர்களாம். மாட்டுக்கொட்டகையில் இலை போட்ட கையால் மருதையனின் தோளைத் தொட்டார். கல்லை எறிந்தது ரெத்தினம் என்று புருஷனும் பெண்டாட்டியும் கோர்ட்டில் சொல்ல வேண்டும். அதன் பிறகு வருஷா வருஷம் அறுப்பு அவர்களுக்குத்தான்.

அவர் போன பிறகும் கண்ணாத்தாள் பழத்தைத் தொடவில்லை. "நீ என்ன சொல்லப் போற?"

மருதையன் கட்டுப்போட்ட தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டான். "சொல்லலேன்னா நம்ம தெருவுல அடுப்பு எரியாதுடி."

கோர்ட்டில் மருதையனைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். குனிந்த தலை நிமிராமல், "ரெத்தினம் எறிஞ்சான்" என்றான். வராந்தாவில் நின்ற கண்ணாத்தாளுக்கு அது கேட்டது. அடுத்த தூணருகே அம்சவல்லி நின்றாள். அழவில்லை. கண்ணாத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்கு, அன்று தூற்றிய மண்ணே தேவலை.

அடுத்து அவள் முறை. கூண்டில் ஏறினாள். இல்லை என்றால் கட்டினவன் பொய்ச்சாட்சி. ஆமாம் என்றால் இன்னொருத்தியின் புருஷன் ஜெயிலில். நாயுடுவின் வேட்டிக்கரை முன் பெஞ்சில் தெரிந்தது.

"கல்லை எறிஞ்சது யாரும்மா?"

"பாக்கலீங்க."

சர்க்கார் வக்கீல் முகம் கடுத்தது. "ஒம் புருஷன் பார்த்ததாச் சொல்றாரே?"

"அவரு குனிஞ்சு அறுத்துக்கிட்டு இருந்தாருங்க. சொன்னவங்க சொன்னதக் கேட்டுச் சொல்றாரு. கொடிக்காரங்க அவருக்கு எதிர்ல நின்னாங்க. காயம் பின்மண்டையில. அவருக்குப் பின்னால கண்ணு ஏதுங்க?"

கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. மருதையனைக் கூப்பிட்டுத் திரும்பி நிற்கச் சொன்னார். தழும்பு எல்லாருக்கும் தெரிந்தது. "பின்னால நின்னது யாரும்மா?" என்று அவரே கேட்டார்.

கண்ணாத்தாள் நாயுடுவைப் பார்த்தாள். கிணற்றடியில் கேட்டதை அப்படியே தெலுங்கில் சொன்னாள். பிறகு தமிழில் சொன்னாள். நாயுடு எழுந்து, ஒட்டச்சிக்குத் தன் பாஷை எப்படிப் புரியும் என்று வக்கீலிடம் இரைந்தார். ஆஸ்பத்திரியில் "மனவாள்ளு" என்ற வாய் அது.

கேஸ் நிற்கவில்லை. ரெத்தினத்தை விட்டுவிட்டார்கள். நாயுடுமேல் கேஸ் எதுவும் வரவில்லை. அவருடைய நெல் என்றைக்கோ களம் சேர்ந்திருந்தது.

கோர்ட் வாசலில் அம்சவல்லி கண்ணாத்தாள் முன்னால் வந்து நின்றாள். "நீங்க வராமயே இருந்திருந்தா இந்த அலைச்சலே இல்ல" என்றாள். பிறகு, கூட வந்தவர்கள் கொண்டுவந்த சோற்று மூட்டையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். "சாப்புட்டுப் போங்க. ஒங்க ஊரு ரொம்ப தூரம்."

மருதையன் பஸ்ஸில்தான் மெல்லக் கேட்டான். "என்னைக் காட்டிக் கொடுக்காம எப்படிடீ தப்பிக்க வச்ச?"

"நாமளா தப்பிச்சோம்?" என்றாள் அவள்.

ஏஜென்டின் லாரி மறுவருஷம் அவர்கள் தெருவைத் தாண்டிப் போய்ப் பக்கத்து ஊர் ஆட்களை ஏற்றிக்கொண்டது. மாசி பிறந்ததும் கண்ணாத்தாளும் மருதையனும் செங்கல் சூளைக்குப் போனார்கள். தெருவில் பாதிப் பேர் அவளோடு பேசுவதை நிறுத்தியிருந்தார்கள்.