கண்மாய்க்குள் கேட்ட ஏச்சு

1

இது கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. கஸ்தூரி டீச்சர் கேட்டது அதைத்தான். திருச்சுழிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியை அவர். ஆண்டுவிழா மலருக்கு, பெற்றோரும் தன்னார்வலர்களும் பிள்ளைகளின் படிப்புக்கும் மனசுக்கும் எப்படித் துணை நிற்கலாம் என்று மூன்று பக்கம் வேண்டும் என்றார். நான் அருப்புக்கோட்டைக்காரன். எழுதுகிறவன் என்று பெயர் எடுத்துவிட்டதால் யார் கேட்டாலும் மறுக்க வராது. உட்கார்ந்தேன்.

பிள்ளையின் முதல் பள்ளிக்கூடம் வீடு. முதல் ஆசிரியர் தாய். ஆகவே பெற்றோர் யாவரும்

(இதற்கு மேல் ஓடவில்லை. இப்படி ஒரு வாக்கியத்தை நீங்களும் எத்தனையோ மலர்களில் படிக்காமல் தாண்டியிருப்பீர்கள்.)

டீச்சருக்குப் போன் போட்டேன். "எங்க பெற்றோர் குழுவப் பத்தி எழுதுங்க சார். காலையிலயும் சாயங்காலமும் அவுகளே பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு நடந்து வாராக. வந்து பேசிப் பாருங்க" என்றார். போனை வைக்குமுன், "கண்மாய் விஷயத்த மட்டும் விட்டுருங்க" என்றார்.

"என்ன கண்மாய் விஷயம்?"

"மலர்ல போட முடியாது சார்."

அப்புறம் கட்டுரை எங்கே எழுத? மறுநாளே பஸ் ஏறினேன்.

2

எப்படித் தொடங்குவது என்று பல விதமாக எழுதிப் பார்த்தேன்.

அன்று காலை காற்றே இல்லை. கருவை மரங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு

(சினிமா. அடித்துவிட்டேன்.)

இடத்தைச் சொல்லிவிடுகிறேன், அது போதும். பள்ளி இருப்பது ஒரு ஊரில், பிள்ளைகளில் பாதிப்பேர் வருவது பக்கத்து ஊரிலிருந்து. அந்த ஊர்ப் பள்ளியில் ஐந்தாவது வரைதான். நடுவில் ஒரு கண்மாய். தண்ணீர் நின்று வெகுகாலமாகிறது. உள்ளே முழுக்க வேலிக்கருவை. அதன் நடுவே ஒற்றையடிப் பாதை. ரோட்டைச் சுற்றிப் போனால் பஸ்ஸை நம்ப வேண்டும். கண்மாய்க்குள் புகுந்தால் மணி அடிப்பதற்குள் போய்விடலாம். ஊருக்கே அதுதான் வழி.

போன ஆடியில் பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் நிற்கத் தொடங்கினார்கள். ஒருத்திக்கு வயிற்றுவலி, ஒருத்தனுக்குக் காய்ச்சல். கஸ்தூரி டீச்சர் வீடு வீடாகப் போனபோது யாரும் காரணம் சொல்லவில்லை. ராமலட்சுமி என்ற ஏழாம் வகுப்புப் பிள்ளைதான் கடைசியில் வாயைத் திறந்தாள்.

"கண்மாய்க்குள்ள எங்கம்மா ஏசுது டீச்சர்."

"அம்மா அங்க எதுக்கு வந்தாக?"

"வரல டீச்சர். அது வீட்லதான் இருக்கும்."

3

இனி ரேணுகாதேவி. கதை அவருடையது. அந்தப் பக்கத்து ஊரில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். கணவர் அருப்புக்கோட்டையில் விசைத்தறி ஓட்டிக்கொண்டு வாரம் ஒருமுறை வருகிறவர். ஒரே மகள் சுவாதி, அப்போது ஆறாவது.

ஒரு சாயங்காலம் கடையில் துவரம்பருப்பு பொட்டலம் போட்டுக்கொண்டிருந்தார். பள்ளி விட்டுப் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். எல்லாருக்கும் இரைப்பு. ராமலட்சுமிதான் முன்னால் வந்து அவரை மேலும் கீழும் பார்த்தாளாம்.

"அத்தே, நீங்க எப்ப வீட்டுக்கு வந்தீக?"

"நான் எங்கடி போனேன்? மத்தியானத்துலருந்து இங்கனதான இருக்கேன்."

"கண்மாய்க்குள்ள நின்னு சுவாதியக் கூப்டீகள்ல. அவ ஒங்ககிட்ட வந்துட்டா."

ரேணுகாதேவி கடையைச் சாத்தவில்லை. அப்படியே போட்டுவிட்டு ஓடினார். பின்னாலேயே ஊர் ஓடியது. பேரைச் சொல்லிக் கத்தினார்கள். பதில் இல்லை. இருட்டுமுன் கண்டுபிடித்துவிட்டார்கள். பாதையிலிருந்து தள்ளி, யாரோ முன்பு கரிமூட்டம் போட்ட கறுத்த திட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள் சுவாதி. பை மடியில் இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

"ஏத்தா, இங்க எதுக்கு வந்த?"

"நீதானம்மா கூப்ட்ட."

"நான் கூப்டல சாமி."

"கூப்ட்ட. பெறகு ஏசுன. ஏசி முடிக்கட்டும்னு உக்காந்திருந்தேன்."

(இந்த வரியை எனக்குச் சொல்லிவிட்டு ரேணுகாதேவி எழுந்து போய் ஒரு ஆளுக்குச் சீனி நிறுத்துக் கொடுத்தார். திரும்பி வரச் சற்று நேரமானது.)

4

ஊர் என்ன செய்யும்? ஜேசிபி வைத்துக் கருவையை அழிக்க வேண்டும் என்றார்கள். பூசாரியைக் கூப்பிட வேண்டும் என்றார்கள். கஸ்தூரி டீச்சர் பள்ளியில் பெற்றோர் கூட்டம் போட்டார்.

"அழிக்கிறது, பூசை வைக்கிறது எல்லாம் அப்புறம் பாருங்க. நாளைக்குக் காலையில பிள்ளைக தனியா நடக்கக் கூடாது. யாரு வாரீக?"

முதலில் கையைத் தூக்கியவர் ரேணுகாதேவி. லோடு வண்டி ஓட்டும் செல்வக்குமார் இரண்டாவது. அவர் மகன் ஹரியும் ஆறாவதுதான். முறை வைத்துக்கொண்டார்கள்: ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால், நடுவில் பிள்ளைகள்.

முதல் நாள் பின்னால் நடந்தவர் ரேணுகாதேவி. அவர் சொன்னதை அப்படியே தருகிறேன், என் நடை இதற்கு உதவாது:

"பாதி தூரம் ஒண்ணுமில்ல சார். பெறகு எடது பக்கமிருந்து என் சத்தம். என் சத்தம் எனக்குத் தெரியாதா? 'ஒன்னையப் பெத்ததுக்கு ஒரு ஆட்டுக்குட்டிய வளத்திருக்கலாம், அதுவாவது ஒதவும்'னு. நடுவுல ஒரு இருமல். அந்த இருமலும் என்னுதுதான். முந்துன வாரம் தல சீவும்போது நான் சொன்னது, சார். அடுப்புல காஞ்ச எண்ணெய்ப் புகையில இருமுனேன். அதே இருமல். பிள்ளைக எல்லாம் நின்னு திரும்பி என் வாயப் பாத்துச்சுக. என் வாயி மூடியிருந்துச்சு."

இந்த இடத்தில் எனக்கு என் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்ததைச் சொல்லியாக வேண்டும். படிக்கிறவர்கள் இவரைக் கொடுமைக்காரி என்று முடிவுகட்டிவிட்டால்? முன்பு எழுதிய ஒரு பிரதியில் இவரை மகளை அடிக்கிறவராகவே எழுதினேன். கதைக்கு வசதியாக இருந்தது. கிழித்துவிட்டேன். அவர் அடிக்கிறவர் இல்லை. தான் நிற்கும் தராசுக்குப் பின்னால் மகளும் வந்து நின்றுவிடக் கூடாது என்று பயப்படுகிறவர். அந்தப் பயம் வாயில் வேறு மாதிரி வருகிறது, அவ்வளவுதான். தலை சீவும்போது சொன்னது சுவரைத் தாண்டாது என்றுதான் அவரும் நினைத்திருந்தார்.

5

செல்வக்குமார் இதையெல்லாம் நம்பவில்லை. "பொம்பளைக பயந்துட்டு இல்லாததக் கேக்குறாக" என்று சிரித்தார். ஒரு வாரம் அவரே நடந்தார். மற்றப் பிள்ளைகள் ஆளுக்கோரிடத்தில் திடுக்கிட்டு நின்றார்கள். அவர் காதில் எதுவும் விழவில்லை. ஆனால் ஹரி மட்டும் தினமும் ஒரே இடத்தில் நின்று இடது பக்கம் பார்த்தான்.

"ஏலே, என்னத்தப் பாக்குற?"

"இங்கதான்ப்பா ஒன் சத்தம் வரும்."

"ஒண்ணும் கேக்கலையேடா."

"ஆமாப்பா. அப்பிடித்தான் வரும்."

செல்வக்குமார் சிரிக்க வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். குருவிச் சத்தம் இல்லை. முள் உரசும் சத்தம் இல்லை. முன்னால் பிள்ளைகள் நடந்து போவது கண்ணுக்குத் தெரிந்தது, செருப்புச் சத்தம் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற மகனின் வாய் அசைந்தது. என்ன சொன்னான் என்று அவருக்குத் தெரியவில்லை.

(கதை சொன்னபோது செல்வக்குமார் என் முகத்தைப் பார்க்கவில்லை. "வண்டியில இருந்து எறங்கி வந்தா சாப்பாடு, படுக்கை. வைய மாட்டேன் சார், ஒரு நாளும் வஞ்சதில்ல" என்றார். கொஞ்சம் கழித்து, "வேற ஒண்ணும் சொன்னதும் இல்ல" என்றார்.)

6

அடுத்து நடந்ததைக் கட்டுரையாக்கினால் ஒரே வரியில் முடிந்துவிடும்: பெற்றோர் பிள்ளைகளோடு பேச வேண்டும். நடந்தபோது அது அவ்வளவு லேசில்லை.

ரேணுகாதேவி முதலில் சண்டை போட்டார். குரல் வந்த திசையைப் பார்த்து, "வாய மூடுடீ!" என்று ஒரு கத்துக் கத்தினார். மறுநாள் அதே இடத்தில் அதே கத்து வந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்டது. சின்னவர்கள் அழுதார்கள். அன்றைக்குத்தான் பெரியவர்களுக்குப் புரிந்தது, அங்கே சொன்னதும் அங்கேயே தங்கிவிடுகிறது என்று.

அதிலிருந்து கண்மாய்க்குள் யாரும் சத்தம் போடுவதில்லை. பேசாமல் நடந்தாலும் செல்வக்குமாருக்கு வந்தது போல ஓசையே அற்றுப்போகும். ஆகவே பேசிக்கொண்டே நடந்தார்கள். என்ன பேசுவது? அதுதான் பெரிய பாடாக இருந்ததாம். "படிச்சியா, எழுதுனியா" என்பதைத் தாண்டி யாருக்கும் ஒன்றும் வரவில்லை. செல்வக்குமார் மகனிடம் பேசிய முதல் பேச்சு:

"நேத்து பந்தல்குடி ரோட்டுல டயரு பஞ்சராயிருச்சு."

"எந்த டயருப்பா?"

"பின்னாடி டயரு."

முதல் நாள் அவ்வளவுதான். மறுநாள் ஹரி ஸ்டெப்னி மாட்டுவது எப்படி என்று கேட்டான். அப்பா சொன்னார். மூன்றாம் நாள் பின்னம் கணக்கு தனக்கு ஏறவே மாட்டேன் என்கிறது என்றான் ஹரி. "எனக்கும் ஏறல. அதோட பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டேன்" என்றார் செல்வக்குமார். அதைக் கஸ்தூரி டீச்சரிடம் போய்ச் சொன்னதும் அவரே. சனிக்கிழமை காலையில் பின்னத்துக்குத் தனி வகுப்பு வந்தது அப்படித்தான். பெற்றோரில் படித்தவர்கள் சொல்லிக்கொடுக்க, படிக்காதவர்களும் கூடவே உட்கார்ந்தார்கள். நின்றுபோன பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள்.

இங்கே ஒரு முடிவை எழுதி வைத்திருந்தேன்:

நாளடைவில் கண்மாய்க் குரல் மாறியது. ஒரு காலைப் பொழுதில் அது சுவாதியைக் "கண்ணே" என்று

ரேணுகாதேவியிடம் படித்துக் காட்டினேன். "அப்பிடி நடக்கல சார்" என்றார். "பழசு எதுவும் போகல. இன்னைக்கும் கேக்கும். கூட நாங்க பேசிட்டு வாரதுனால அமுங்கிக் கெடக்கு. அம்புட்டுத்தான்."

7

நடந்தது இது. மார்கழியில் ஒரு சாயங்காலம், பின்னால் ரேணுகாதேவி, முன்னால் செல்வக்குமார். நடுவழியில் சுவாதி வரிசையை விட்டு விலகினாள். ஓடவில்லை, யாரையும் பார்க்கவும் இல்லை. முள்ளை ஒதுக்கிக்கொண்டு குரல் வரும் பக்கம் உள்ளே போய்விட்டாள்.

கூப்பிடத்தான் வாயைத் திறந்தார் தாய். கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அங்கே தன் குரல் இரண்டாகும். பிள்ளை எதைக் கேட்டு எந்தப் பக்கம் வருவாள்? செல்வக்குமாருக்குக் கையைக் காட்டினார், மற்றப் பிள்ளைகளைக் கூட்டிப் போகச் சொல்லி. அவர்கள் பேச்சுச் சத்தம் தேய்ந்து மறைந்தது. ரேணுகாதேவி பாதையில் தனியாக நின்றார். பின்னாலேயே போயிருக்கலாமே என்று நான் கேட்டேன். "காலு வரல சார். உள்ள நான் இருக்கேன்ல" என்றார்.

(இந்தப் பதிலை நான் பலமுறை திருத்தப் பார்த்தேன். திருத்த வழியில்லை.)

வெயில் இறங்கிக்கொண்டே போனது. பிறகு முள் விலகியது. சுவாதி வெளியே வந்தாள். முகம் கழுவினாற்போல் இருந்ததாம். தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, "போவோம்மா" என்றாள்.

நாலு எட்டு வைத்திருப்பார்கள். பின்னால் கருவைக்குள்ளிருந்து, "எம்மா" என்று கூப்பிட்டது.

அது சுவாதியின் குரல்.

ரேணுகாதேவி கையைக் குனிந்து பார்த்தார். கை கைக்குள்தான் இருந்தது, சூடாக. சுவாதி தலை குனிந்து நின்றாள். உதடு அசையவில்லை.

"யாருத்தா அது?"

"நாந்தாம்மா. நீ ஏசுனதுக்கெல்லாம் இன்னைக்குப் பதில் சொல்லிட்டு வந்தேன். வீட்ல சொல்ல வராது" என்றாள் பக்கத்தில் நின்ற சுவாதி.

கருவைக்குள்ளிருந்து குரல் பேசியது. ஆறாவது படிக்கும் பிள்ளை, இத்தனை நாள் சேர்த்து வைத்ததை, தாய்க்குச் சொன்னது. ரேணுகாதேவி பாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். நடுவே ஒரு வார்த்தை பேசவில்லை. இடையில் இரண்டு இடத்தில் "இல்ல தாயி" என்று சொல்ல நாக்கு வரை வந்ததாம். சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற சுவாதி அவர் தோளில் சாய்ந்துகொண்டாள்.

சுவாதி இப்போது ஏழாவது. பள்ளிக்கு நிற்காமல் வருகிறாள். ரேணுகாதேவி இன்றும் ஏசுகிறார், முன்னைப் போல இல்லை. பாதி வாக்கியத்தில் நின்றுவிடுகிறார், மகள் மிச்சத்தைக் கேட்டுச் சிரிக்கிறாளாம். ஆனால் அந்தக் குரல் அங்கே இருக்கிறது. அந்த இடத்தைத் தாண்டும் ஒவ்வொரு சாயங்காலமும் தாய் நின்று கேட்டுவிட்டுத்தான் நடக்கிறார்.

அது என்ன சொன்னது என்பதை என்னிடம் முழுக்கச் சொன்னார். சொல்லிவிட்டு, "இத எழுதுவீகளா?" என்று கேட்டார்.

"எழுதாம எப்பிடி? கதையே அதுதான."

"வேணாம் சார். அது எனக்குச் சொன்னது."

ஆகவே, அரைப்பக்கம் காலியாக விட்டு மலருக்குக் கொடுத்துவிட்டேன். கண்மாயை விடச் சொன்ன கஸ்தூரி டீச்சரே படித்துவிட்டு, போடலாம் சார், ஆனால் அச்சகத்தில் தவறு என்று நினைத்துவிடுவார்களே, ஏதாவது ஒரு வரி போடுங்கள் என்றார். எனக்குப் போடத் தெரியவில்லை. அந்த இடத்தை உங்களுக்கு விடுகிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளை என்ன சொல்லும் என்று நானாக எப்படி எழுதுவது? பக்கத்தில் ஏதாவது ஒரு காய்ந்த கண்மாய் இருக்கும். சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அதற்குள் நடந்து பாருங்கள்.

அது பேசினால் குறுக்கே பேசாதீர்கள்.