மாப்பிள்ளைக்குப் பூசிய எண்ணெய்

காணாமல் போனவர்களைத் தேடிப் பிடிக்கும் மீட்புப் படை நாய்க்கு மூக்குதான் சோறு போடுகிறது. அந்த மூக்கையே வேலைக்கு ஆகாமல் பண்ணிவிட்டாளே இந்தப் புண்ணியவதி!

புண்ணியவதி வேறு யாருமில்லை, அந்த நாயைப் பழக்கியவளேதான். எதற்கெடுத்தாலும் கைவைத்தியம் பார்ப்பதால் படையில் எல்லோருக்கும் அவள் 'மருந்துக்கடை'. நாய்க்கு அவள் வைத்த பெயர் மாப்பிள்ளை. வேளாவேளைக்கு உபசாரம் நடக்காவிட்டால் முறுக்கிக்கொள்ளும்.

அப்பேர்ப்பட்ட மாப்பிள்ளையை நாயீ படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. தட்டையான ஈ. ரோமத்துக்குள் நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓடும், விரலால் நசுக்கினாலும் சாகாது. காதுக்குப் பின்னாலும் தொடை இடுக்கிலும் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். அரிப்புத் தாங்காமல் மாப்பிள்ளை தன்னையே கடித்துப் புண்ணாக்கிக்கொண்டது. மருத்துவர் மருந்து கொடுத்து, "கொஞ்சம் பொறுங்க, வேலை செய்யும்" என்றார். மருந்துக்கடைக்கா பொறுமை? வேப்பெண்ணெயில் பூண்டை நசுக்கிப் போட்டுக் காய்ச்சி, ஆறவைத்து, தலை முதல் வால் வரை பூசிவிட்டாள். ஈ ஓடியது. நாற்றம் தாங்காமல் படையில் பாதிப் பேரும் ஓடினார்கள்.

பூசிய கை காய்வதற்குள் அழைப்பு வந்தது. பஞ்சுக் கிடங்கில் மூட்டை தைக்கும் பெண்ணின் சின்ன மகளைக் காணோம். போய்ப் பார்த்தால் கூரை வரைக்கும் மூட்டைகள். ஒன்று சரிந்து குழந்தை அடியில் கிடந்தால்?

மருந்துக்கடை குழந்தையின் சட்டையை நீட்டினாள். மாப்பிள்ளை முகர்ந்தது, தும்மியது, தன் முதுகையே முகர்ந்துவிட்டு அவளைப் பார்த்து விழித்தது.

"ஏன்க்கா இப்படி முழிக்குது?" என்றாள் தாய். "கண்டுபிடிச்சிடும்ல?"

"கண்டிப்பாம்மா" என்றாள் மருந்துக்கடை. சொல்லும்போதே நா கூசியது. குனிந்து நாயின் காதில், "மாப்ள, தப்பு என்னுதுதான். கோபத்தை வீட்டுல வச்சுக்கலாம், இப்ப தேடுடா ராசா" என்று கெஞ்சினாள்.

மூட்டைகளுக்கு இடையே சந்து சந்தாக அழைத்துப் போனாள். மாப்பிள்ளை மூலைக்கு மூலை மூக்கை நுழைத்தது, ஒன்றும் பிடிபடாமல் தும்மிக்கொண்டே வந்தது. கடைசி வரிசையிலும் ஓர் இடுக்கில் தலையை விட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பியது. அவ்வளவுதான், எல்லாம் போச்சு என்று அவள் நினைத்தாள்.

"ச்சீ! நாறுது! அந்தப் பக்கம் போ!"

இடுக்குக்குள்ளிருந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு குட்டி முகம் எட்டிப் பார்த்தது. அம்மா திட்டிய கோபத்தில் ஒளிந்தவள் அங்கேயே தூங்கிவிட்டாளாம். ஊரே கத்தியும் எழாதவளை அந்த நாற்றம் எழுப்பிவிட்டது.

"நாயா பிள்ளையைக் கண்டுபிடிச்சுது? பிள்ளைதான்யா நாயைக் கண்டுபிடிச்சிருக்கு!" என்றார் காவலாளி, கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி. கிடங்கே சிரித்தது. மருந்துக்கடைக்கு வெட்கமும் அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

தாய் ஓடி வந்தாள்.

"கிட்ட வராதம்மா, எண்ணெய் ஒட்டிக்கும்!"

அவள் எங்கே கேட்டாள்? ஒரு கையால் மகளை வாரியெடுத்தவள், மறு கையால் மாப்பிள்ளையின் கழுத்தைக் கட்டி, அந்த எண்ணெய்ப் பிசுக்கிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.